கரிசல் பாதையில் ஊற்றிய குடத்துத் தண்ணீர்

ஹெல்மெட்டுக்குள் வழிந்து உதட்டில் இறங்கிய அந்த வியர்வையின் உப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது...

எண்பதுகளின் கடைசி. மழைக்கு முந்தைய புழுக்கம். வானம் மூடிக்கொண்டு கிடக்கும், ஒரு சொட்டு விழாது. அப்படியொரு நாளில்தான் அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழிப் பக்கமாகக் காட்டுப்பாதையில் பைக் ரேஸ் வைத்தார்கள்.

தார் ரோடே கிடையாது. கண்மாய்க்கரை, ஓடை மணல், கரிசல் காட்டு வண்டிப்பாதை. வட்டமாகப் போய்க் கிளம்பிய இடத்துக்கே வந்தால் ஒரு சுற்று, அப்படி மூன்று சுற்று. வழியில் ஓட்டுகிறவனைத் தவிர வேறு யார் கையும் வண்டியில் படக்கூடாது. பட்டால் அவுட்.

மதுரைப் பையன்கள் பூட்ஸும் கிளவுஸுமாக வந்து இறங்கினார்கள். என்னிடம் இருந்தது எங்கள் நூல் கடைக்கு லோடு அடித்தே தேய்ந்துபோன டூ-ஸ்ட்ரோக் வண்டி. ஒர்க்‌ஷாப் வைத்திருந்த என் கூட்டாளி ஜெபராஜ், கோடை முழுக்க அதைப் பிரித்துப் போட்டு ரேஸ் வண்டி ஆக்கியிருந்தான். வழியில் இருக்கும் எம்.ரெட்டியபட்டியைக்கூடத் தாண்டாது என்று டவுனே கேலி பண்ணியது.

கிளம்பும்போது ஜெபராஜ் காதோரம் வந்து சொன்னான்.

"ஏலே, நீ ஜெயிக்கவே வேணாம். ஓட்டிக்கிட்டு வந்து சேரு. தள்ளிக்கிட்டு மட்டும் வந்துராத. அப்புறம் நான் கடையத் தொறக்க முடியாது."

முதல் சுற்று நன்றாகத்தான் போனது. திருச்சுழி தாண்டி ஒரு சின்ன ஊர். சனமெல்லாம் பாதையோரம் நின்று பார்த்தது. புழுதி அப்பிய முகம், சிவந்த கண்... எங்கள் கோலம் அவர்களுக்கு என்னவோ செய்திருக்கிறது.

இரண்டாவது சுற்றில் அதே இடம். மண் கறுத்துக் கிடந்தது. கரிசல் நிறம்தானே என்று நினைத்து உள்ளே விட்டேன்.

அவ்வளவுதான். முன் சக்கரம் நின்றுவிட்டது. ஈரக் கரிசலைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி அடைத்துக்கொண்டால் வண்டி ஒரு சாண் நகராது. எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள் அதே கதியில் கிடந்தன.

நிமிர்ந்து பார்த்தால் ஓரத்தில் ஏழெட்டுப் பெண்கள், இடுப்பில் குடத்தோடு.

"கோயிலுக்குப் பூச்சட்டி எடுக்கிறவுகளுக்குக் கால் சுடாம பாதையில ஊத்துற மாதிரித்தானப்பா ஊத்துனோம்! இந்தக் காந்தல்ல போறீகளே, கொஞ்சம் குளுமையா இருக்கட்டும்னு..." முன்னால் நின்ற அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்களுக்குக் காலத்தானப்பா தெரியும். டயரு என்னத்தக் கண்டோம்?"

அதற்குள் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தூக்க ஓடிவந்தார்கள்.

"அண்ணே, தொடாதீக! தொட்டா நான் அவுட்டு!"

நெருப்பைக் கண்டதுபோல ஊரே பின்வாங்கியது. நான் விரலால் களியைத் தோண்டினேன். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். ஜெபராஜ் முகம் கண் முன்னால் வந்து போனது.

சொத்தென்று காலடியில் ஒரு களைக்கொத்து வந்து விழுந்தது.

"வண்டியத்தான தொடக் கூடாது? இந்தா, இத வச்சு நீயே சொரண்டு."

அதே அக்காதான். சுரண்டினேன். புழுக்கத்தில் மூச்சு முட்டியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏப்பா, ஒன்னையத் தொடலாமா?"

தலையை ஆட்டினேன். என் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குடத்தில் மிச்சம் இருந்த தண்ணீரையும் என் தலையில் கவிழ்த்தார். அந்தத் தண்ணீர் முதுகில் இறங்கிய சுகத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சக்கரம் சுற்றியது. ஊரே கத்தியது.

மூன்றாவது சுற்றில் வந்தபோது அந்த ஈரத்தின் மேல் பருத்திமார் பரப்பியிருந்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்புக்கு வைத்திருந்த விறகு அது. சடசடவென்று அதன்மேல் ஏறிப் போனேன்.

கடைசி ஆளாகத்தான் வந்து சேர்ந்தேன். ஆனால் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஜெபராஜ் என்னை விட்டுவிட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதான்.

களைக்கொத்து என் இடுப்பு பெல்ட்டிலேயே வந்துவிட்டது. அடுத்த வாரம் அவனும் நானும் ஒரு பொட்டலம் காராச்சேவோடு திருப்பிக் கொடுக்கப் போனோம். அந்த அக்கா வீட்டில் இல்லை. காட்டுக்குள் வெகுதூரத்துக் கிணற்றில் இருந்து குடத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தார். ஊருக்கே குடிக்க அந்த ஒரு கிணறுதான்.

"இம்புட்டுத் தூரமாக்கா? அன்னைக்கு அத்தனை குடத்தையும் ரோட்டுல ஊத்திட்டீகளே!"

"அதுக்கென்னப்பா, அன்னைக்கு இன்னொரு நடை போய்ட்டு வந்தோம்" என்று சிரித்தார்.

இப்போது அந்தப் பாதை தார் ரோடு. தெருவில் பைப் வந்துவிட்டது. நானும் காரில் ஏசி போட்டுக்கொண்டு போகிறேன். ஆனால் அந்த இடம் வந்தால் கண்ணாடியை இறக்காமல் இருக்க முடிவதில்லை... மனசு நிறைந்துவிடும்.

போன வாரம் என் மகள் போனில் ஏதோ பைக் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுகிறவன் முதுகிலேயே தண்ணீர்ப் பை, குடிக்க டியூப்.

"அப்பா, ஒங்களுக்கெல்லாம் சப்போர்ட் டீம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா, ஒரு ஊரே இருந்துச்சு" என்றேன். "ஆனா வண்டியில ஒருத்தரும் கை வைக்கல."