இரவல் மூக்கு

காத்துக்காரர் இடது கன்னத்தைத் தண்ணீர் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, குழாயின் மூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். ஏணியில் ஒரு கால், சுவரில் ஒரு கை. மூட்டில் காற்று கசிந்தால் ஈரமான இடம் சில்லென்று சொல்லிவிடும். கசிவு இல்லையென்றால் ஒரு செருமல், அடுத்த மூட்டு. வலது கன்னத்தை இதற்குப் பயன்படுத்துவதில்லை. “அது கொஞ்சம் மந்தம்” என்பார். தாடி முளைத்தால் இடது கன்னமும் கெட்டுவிடும் என்பதால் ஒருநாளும் சவரம் தவறியதில்லை.

அறைக்குள் செடியும் காளானும் வளர்ப்பவர்கள் அவரைக் காத்துக்காரர் என்கிறார்கள். மூடிய அறைக்கு மூச்சு விடக் கற்றுத்தருவது அவருடைய வேலை. புதுக் காற்று கீழே ஒரு பஞ்சு ஃபில்டர் வழியாக நுழைய வேண்டும். பழைய காற்றை மேலே ஒரு ஃபேன் இழுக்க வேண்டும். அது வெளியே போவதற்குமுன் கரி நிரப்பிய ஃபில்டரில் தன் வாடையை விட்டுவிட்டுப் போக வேண்டும். இவற்றையெல்லாம் சேர்ப்பது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் வெள்ளிநிற மடிப்புக் குழாய். அதைத் தோளில் சுற்றிக்கொண்டு அவர் தெருவில் நடந்தால், பெரிய புழு ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டு போவதுபோல இருக்கும். குழாயை வளைப்பது அவருக்குப் பிடிக்காது. “வளைக்க வளைக்கக் காத்துக்கு அலுத்துப்போயிடும்.”

சட்டைப் பையில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். அதைக் கதவிடுக்கில் பிடிப்பார். காகிதம் உள்பக்கம் சாய்ந்தால் அறை இழுக்கிறது, சந்தோஷம். சொந்தக்காரர் வீடுகளிலும் இந்தச் சோதனை உண்டு. மைத்துனர் வீட்டில், அவர் வருகிறார் என்றால் ஜன்னல்களையெல்லாம் முன்கூட்டியே திறந்துவைத்துவிடுகிறார்கள்.

இவருக்கு வாசனை தெரியாது. சில வருஷங்களுக்கு முன்பு வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றிப் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வாடிக்கையாளர்களிடம் சொன்னதும் இல்லை. மனைவி கூடவே வருகிறாள். டேப் கிழித்துக் கொடுப்பாள், ஏணியைப் பிடித்துக்கொள்வாள், வேலை முடிந்ததும் அறையை ஒரு சுற்று சுற்றிவந்து, நாற்றம் இருந்தால் புருவத்தை உயர்த்துவாள், இல்லையென்றால் தாழ்த்துவாள். யாருக்கும் தெரியாது. இவர் அவளைக் கூப்பிடுவதே ‘மூக்கு’ என்றுதான். கோபத்தில் சொல்கிறார் என்று பலர் அவளுக்காக வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

சமீபத்திய வேலை, ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் அங்கே பைகளில் காளான் வளர்க்கிறார். நேர் மேலே தையல்காரர். ஈர வைக்கோல் நாற்றம் மேலே ஏறி, தைத்த துணிகளில் உட்கார்ந்துகொள்கிறது என்று அவர் வீட்டுக்காரரிடம் புகார் செய்திருந்தார். வந்து வாங்கிப்போன சட்டைகளையே இரண்டு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வாசற்கதவின் அடியில் துணி அடைத்துவைத்துக்கொண்டுதான் அவர் தைக்கிறார். மறுநாள் காலை வருவதாகவும், அப்போதும் நாற்றம் இருந்தால் அறையைக் காலிசெய்துவிட வேண்டும் என்றும் வீட்டுக்காரர் நர்சிடம் சொல்லிவிட்டார். ஃபேனை நிறுத்தவும் வழியில்லை. காற்று குறைந்தால் காளான் குடை விரியாமல் கழுத்தை மட்டும் நீட்டும். அப்படி நீண்டிருந்த ஒன்றை நர்ஸ் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கரி ஃபில்டரை அறைக்குள்ளேயே வைக்கச் சொன்னாள் மனைவி. உள்ளே பைகள் தொங்கவே இடம் போதவில்லை என்று இவர் அதை வெளியே, படிக்கட்டுக்கு அடியில் வைத்தார். அதனால் ஃபேனிலிருந்து ஃபில்டர் வரை குழாயில் போவது நாற்றக் காற்று. ஒரு மூட்டு விட்டாலும் அது படிக்கட்டில்தான் பரவும்.

விட்டது. ஃபேனைப் போட்டதும் மேலேயிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார். எங்கே விடுகிறது என்பதுதான் தெரியவில்லை. படிக்கட்டில் இயல்பாகவே காற்று ஓடிக்கொண்டிருந்ததால், கன்னத்தை எங்கே வைத்தாலும் சில்லென்றது. மனைவிக்கு அன்று பார்த்துக் கடும் ஜலதோஷம். நர்சுக்கு அந்த வாடை பழகி, தெரியாமலே போய்விட்டிருந்தது.

காத்துக்காரர் கொஞ்ச நேரம் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். மனைவி மூக்கைச் சிந்திவிட்டு அவரையே பார்த்தாள். பிறகு அவர் மாடியேறிப்போய், துணி அடைத்த கதவைத் தட்டினார்.

“கொஞ்சம் கீழ வந்து மோந்து பாக்கணும். எனக்கு வாசனை தெரியாதுங்க.”

தையல்காரர் கழுத்தில் அளவுநாடாவோடு வந்து நின்றார். கேட்டது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார்.

“மூக்கு இல்லாமத்தான் இந்தத் தொழில் பண்றீங்களா?”

“நீங்க தைக்கிற ஜாக்கெட்டெல்லாம் நீங்களேவா போட்டுக்கறீங்க?”

பின்னாலேயே ஏறிவந்திருந்த நர்ஸ் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல்காரர் அளவுநாடாவைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு இறங்கிவந்தார். குழாயின் ஒரு முனையிலிருந்து, துணியில் பழுது தேடுகிறவர்போல, மூக்கை மூட்டு மூட்டாக நகர்த்திக்கொண்டே போனார். படிக்கட்டுக்குப் பின்னால் குழாய் திரும்பும் இடத்தில், அடிப்பக்கம் குனிந்தவர் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார்.

“தோ, இங்கதான். கண்ணுல தண்ணியே வருது.”

டேப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈரம். அறையில் நர்ஸ் தெளிக்கும் நீர், குழாயை எடுத்துச்செல்லும்போது அதன்மேல் பட்டிருக்கிறது, காத்துக்காரர் அதைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறார். டேப்பைக் கிழித்துக் கொடுத்தவள் மனைவிதான் என்றார் அவர். ஒட்டின கை யாருடையது என்று கேட்டாள் அவள், மூக்கடைத்த குரலில். தையல்காரர் மேலே போய் வெட்டுத்துணி ஒரு கைப்பிடி கொண்டுவந்தார். துடைத்து, உலர்த்தி, புது டேப் சுற்றி, மேலே கிளாம்ப் போட்டு முறுக்கினார்கள். தையல்காரர் திரும்பவும் முகர்ந்து பார்த்துவிட்டு, கேட்காமலேயே மற்ற மூட்டுகளையும் ஒருமுறை பார்த்தார். இன்னொரு இடத்திலும் லேசாக இருப்பதாகச் சொன்னார். அங்கே டேப் நன்றாகவே ஒட்டியிருந்தது. ஆனாலும் அவருக்காக அங்கேயும் ஒரு சுற்று டேப் ஒட்டப்பட்டது.

மறுநாள் காலை வீட்டுக்காரர் வந்தார். வெள்ளிக் குழாயைப் பார்த்து இது என்ன என்றார். மாடிக்குப் போனார். தையல்காரரின் கதவு திறந்திருந்தது; அடியில் துணி இல்லை. தையல்காரர் மிஷினை நிறுத்தாமல் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். வீட்டுக்காரர் இறங்கிப் போய்விட்டார். மத்தியானம், கணவனும் மனைவியும் ஏணியை எடுக்க வந்தார்கள். மனைவிக்கு ஒரு பக்க மூக்கு திறந்திருந்தது. அவள் குழாய் நெடுக நடந்து, திருப்பத்தில் நின்று, புருவத்தைத் தாழ்த்தினாள். காத்துக்காரர் அதே இடத்தில் குனிந்தார். கன்னத்தை வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை வைத்து, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.