காலை ஒடித்துக்கொண்டு வா

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். அறுபத்தெட்டு வயதில் முதல் பரீட்சைக்குப் போகிறேன். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று சான்றிதழ் கொடுக்கிற பரீட்சை. தேறிவிட்டால் இனி கைநாட்டு இல்லை.

பரீட்சைக்கென்று நான் கேட்ட பேனாவை எடுத்துக் கொடுத்த பெட்டிக்கடை பாய் சிரிக்கிறார்.

"போய் கால ஒடிச்சிக்கினு வா ஆயா."

எனக்குச் சுருக்கென்கிறது. "இன்னா பாய், நல்ல காரியத்துக்குப் போறவள வாய் கூசாம இப்டி சொல்றியே?"

"ஐயோ, அது இங்கிலீஷ் வாழ்த்து ஆயா! பிரேக் எ லெக். நாடகக்காரங்க மேடை ஏறுறப்போ, நல்லா பண்ணுன்னா கண்ணு பட்டுடும்னு தலைகீழா சொல்லுவாங்களாம். எம் பொண்ணு காலேஜ் நாடகத்துல கத்துக்கினு வந்தா."

கோபம் இறங்கிவிடுகிறது. எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. எமன் கண்ணில் படக்கூடாதென்று என்னைக் குப்பைமேட்டில் புரட்டியெடுத்து, குப்பம்மா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைத்தான் இன்று விடைத்தாளின் தலையில் என் கையால் எழுதப் போகிறேன்.

"வெள்ளக்காரனுக்கும் நம்ம பயந்தானா பாய்?"

பஸ் வருகிறது. படியேறித் திரும்பிச் சொல்கிறேன்.

"ரெண்டு காலையும் ஒடிச்சிக்கினு வரேன்!"