தூறலுக்கு ஒதுங்கிய சபுரா

கொடைக்கானல் பஜாரில் யூகலிப்டஸ் தைலம் விற்கும் ஜமால் முகம்மதுக்குத் தன் மூளையைப் பற்றி என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. செய்தித்தாளில் வரும் எண்புதிரைக் கடை திறந்த கால் மணிக்குள் முடித்துவிட்டுப் பேனாவைக் காதில் செருகிக்கொள்வார். அதிபுத்திசாலிகளுக்கென்று 'கூர்மதி வட்டம்' என்றொரு சங்கம் நுழைவுத் தேர்வு வைக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, தான் அதில் சேர்ந்தாகிவிட்டதாகப் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார்.

தேர்வன்று மனைவி சபுராவும் கூடப் போனார். ஏரிப் பக்கம் ஒரு விடுதியின் ஹாலில் தேர்வு. வெளியே தூறல். எழுதுகிறவர்கள் மட்டும்தான் உள்ளே உட்காரலாம் என்றார் சங்கச் செயலாளர் ஹரிகிருஷ்ணன்.

"அப்ப எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க. நனைஞ்சா சளி புடிச்சுக்கிரும்," என்றார் சபுரா.

கேள்விகளெல்லாம் கட்டமும் வட்டமுமாகப் படங்கள். சபுரா சீக்கிரமே முடித்துவிட்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது என்று ஜமால் இரக்கப்பட்டார்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. வருந்துகிறோம் என்று அவருக்கு. வரவேற்கிறோம் என்று சபுராவுக்கு.

"பேர மாத்திப் போட்டுட்டாங்க," என்றார் ஜமால்.

"அப்ப நீங்களே போங்க. கேட்டா சபுரான்னு சொல்லுங்க."

சபுராதான் போனார். மாதத்தின் முதல் ஞாயிறு, அதே ஹால். எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது, எண்களுக்கு முடிவு உண்டா என்று எட்டொன்பது பேர் உட்கார்ந்து பேசுவார்கள். சபுரா பேசுவது குறைவு. பேசினால் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில், டீ கேட்டும் சாவி எங்கே என்றும் யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் அவருக்குக் கிடைத்தது அங்கேதான்.

துணைக்கு வந்த ஜமால், சங்கத்தில் இடம் கிடைக்காத மற்ற உறுப்பினர்களின் கணவன் மனைவிமாரோடு வராந்தாவில் கிடந்தார். முதல் மாதம் எல்லாரும் மூடுபனியைப் பார்த்தார்கள். இரண்டாம் மாதம் ஜமால் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் போட்டார். செயலாளரின் மனைவி தேவகுமாரி சூடாகப் போண்டா கொண்டுவந்திருந்தார். சிரிப்பு உள்ளே வரைக்கும் கேட்டது.

சத்தத்தை அடக்க ஹரிகிருஷ்ணன் வெளியே வந்தார். மனைவியின் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"அந்தப் புலிய நகத்தாத, மாட்டிக்கிரும்," என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேடி வந்த உறுப்பினர்கள் இருவரும் உள்ளே திரும்பவில்லை.

அடுத்த கூட்டத்தில், வராந்தாக்காரர்களையும் துணை உறுப்பினர்களாகச் சேர்க்கலாம் என்று தீர்மானம் வந்தது. எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். ஒரே ஒரு கை மட்டும் எழவில்லை, தீர்மானம் விழுந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ஜமால் கேட்டார்: "ஒருத்தர் மட்டும் வேணாம்னுட்டாங்களாமே. யாரு அந்தப் புண்ணியவான்?"

"நாந்தான்."

ஜமால் நின்றுவிட்டார்.

"வீட்லயும் கடையிலயும் நீங்க சொல்றதத்தான கேக்கேன்," என்றார் சபுரா. "மாசத்துல ரெண்டு மணி நேரம் நான் சொல்றத நாலு பேரு கேக்கட்டுமே."

ஏழு ரோடு சந்திப்பு வரைக்கும் ஜமால் முன்னால் நடந்தார். அப்புறம், "சரி, இன்னைக்கு என்ன சொன்ன?" என்றார்.

சபுரா சொன்னார். பாதிதான் புரிந்தது. வழக்கம்போலத் தலையாட்டிவைக்காமல், "மறுபடி சொல்லு. கொஞ்சம் மெதுவா," என்றார் ஜமால்.