மசாஜ் வேண்டாம் என்றவர்

இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் முடி வெட்டும் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தேன்.

நாற்காலியில் ஓர் அப்பா. என் பக்கத்தில் அவருடைய மகன், இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஃபாரம் ஒன் படிக்கிறான். பள்ளியில் சீனியர்கள் தினமும் தலையில் அடிக்கிறார்களாம். நாளைக்குப் போகமாட்டேன் என்று அப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“அதெல்லாம் சும்மா விளையாட்டு லா. நான் படிக்கிறப்ப இதவிட அடிச்சாங்க. எனக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கேன்.”

எனக்குச் சுருக்கென்றது.

வெட்டி முடிந்தது. கடைக்காரர் வழக்கம்போல மசாஜுக்காக அவர் தலையைத் தட்டக் கையைத் தூக்கினார்.

அப்பாவின் தோள்கள் சட்டென்று ஏறின. கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“மசாஜ் வேணாம் அண்ணே.”

“ஃப்ரீதான் பாஸ்.”

“வேணாம். தலையில தட்டுனா எனக்கு ஆகாது.”

“ஏன்ப்பா?” என்று கேட்டான் மகன்.

அவர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு நானும் ஸ்கூலுக்கு வரேன்டா.”

‘நாங்க அடி வாங்கி நல்லாத்தானே இருக்கோம்’ என்று சொல்லும் நண்பர்களே, முடி வெட்டிய பிறகு நீங்கள் மசாஜ் செய்துகொள்வதுண்டா?