தெருவுக்கே ஓர் அட்டை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம். எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துபோகிறது, மீதி முன்னுக்குப் பின்னாக வருகிறது. படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கும் கிளை நூலகத்துக்கும் கூப்பிடு தூரம்தான். சில வருஷங்களுக்கு முன்னால் வீடு வீடாக வந்து உறுப்பினர் சேர்த்தபோது, எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் பேர் கொடுத்து அட்டை வாங்கினோம். ஆனால் நூலகத்துக்கு நடந்து போய் வருகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு வேலை. எனக்கும் காலையில் அடுப்படியை விட்டு நகர முடியாது. சாயங்காலம் பால் வாங்கப் போகும்போது அப்படியே நூலகத்துக்குள் நுழைந்துவிடுவேன்.

புத்தகம் எடுப்பது எல்லாருக்கும் சேர்த்துத்தான். பக்கத்து வீட்டுப் பெண் தொழிற்பேட்டையில் ஒரு துணி கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறாள். நாவல் கையில் கிடைத்தால் ஷேர் ஆட்டோ குலுங்கலில்கூடப் படித்துவிடுவாள். எதிர் வீட்டு அம்மாள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது. மாவுப் பாக்கெட் கட்டிக்கொண்டே, யாராவது வாசித்தால் கேட்பாள். இன்னும் நாலைந்து பேர் உண்டு.

அத்தனை பேர் அட்டையும் என் வீட்டில், ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. தொலையாமல் இருக்கட்டும் என்று கொடுத்து வைத்திருந்தார்கள். நான் நீட்டுவது மட்டும் எப்போதும் என் அட்டைதான். அடுத்தவள் ரேஷன் கார்டைக் கொண்டுபோய் நாம் சர்க்கரை வாங்குவோமா? இதுவும் அதே மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவுமில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், புதிதாக வந்திருந்த நூலகர், அவரும் ஒரு பெண்தான், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“அம்மா, நம்ம கிளையிலயே அதிகமா படிக்கிறது யார் தெரியுமா? நீங்கதான்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் வரிக்குக் கீழே விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கிறவள். ஒரு புத்தகம் முடிக்க மாதம் ஆகும்.

“ஆனா உங்க தெருவுல வேற யாருமே படிக்கிறதில்லையேம்மா. பேர் மட்டும் இருக்கு. ஒரு புத்தகம்கூட எடுக்கல.”

பிறகு பொறுமையாக விளக்கினார். ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது தன் அட்டையில் புத்தகம் எடுத்தவர்தான் நடப்பு உறுப்பினராம். எடுக்காதவர் பேர் இருந்தும் கணக்கில் இல்லை. உட்கார்ந்து பேப்பர் படிக்கிற பெரியவர்களும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் வாசலில் கையெழுத்துப் போடுகிறார்களே, அது வேறு கணக்கு. நடப்பு உறுப்பினர் குறைந்துகொண்டே போவதால், சாயங்கால நேரத்தை நிறுத்திவிட்டுக் காலையில் மட்டும் திறக்கலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்களாம். மாதக் கடைசியில் கணக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

சாயங்காலம் போய்விட்டால் எங்கள் தெருவுக்குப் புத்தகமே இல்லை. வாசல் வரை வந்து, செருப்பு மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

“அவங்கள்லாம் படிக்கிறாங்கம்மா. நான்தான் என் அட்டையில எடுத்துக்கினு போறேன்.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். “அவங்கவங்க அட்டையை நீங்களே கொண்டு வந்து நீட்டியிருந்தாலே போதுமேம்மா! இப்ப எல்லாம் காலாவதி ஆயிடுச்சு. ஒரு தடவை நேர்ல வந்து புதுப்பிக்கணும். வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயித்துக்கிழமை திறந்திருப்பேன். கூட்டிட்டு வாங்க.”

நான் யாரையும் எதற்கும் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள். அன்றைக்கு மாவு அரைக்கிற வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். தையல்காரப் பெண்ணும் அங்கே இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“ஞாயித்துக்கெயம நான் எங்க அத்தே வர்றது? துணி தொவைக்கணும், மீனு ஆயணும். நீ எப்பவும் போல உன் கார்டுல எடுத்துக்கினு வா” என்றாள் அவள்.

“என் கார்டுல எடுத்தா நீ இல்லாத மாதிரியே காட்டுதாம்டி கம்ப்யூட்டரு.”

“நல்லா கீதே கதை! நாள் பூரா மிஷின்ல குந்திக்கினு கீறேன், அங்க நான் செத்துப் பூட்டேனா?”

மாவுக்காரம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு எய்த்தே தெரியாதுக்கா. நான் வந்து இன்னா பண்ணப் போறேன்? பாக்கறவன்லாம் சிரிக்கவா?”

“புக்க எடுத்தா போதும். படிச்சியான்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

“அப்போ எனக்குன்னே வச்ச கணக்குக்கா அது!” என்று அவள் தொடையில் தட்டிச் சிரித்ததில் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வருகிறோம் என்றார்கள். மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சேறும் தண்ணீருமாக இருந்த தெருவில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனோம். தையல்காரப் பெண் மட்டும் வரவில்லை. நாங்கள் நூலக வாசலில் நிற்கும்போது போன் பண்ணினாள். “அத்தே, லோடு போவணும்னு கம்பெனில கூப்ட்டானுங்கோ. சூப்பர்வைசர் உட மாட்றான். எனக்கும் சேத்து நீயே எய்தினு வந்துடேன்.”

நூலகரிடம் கேட்டேன். ஆள் நேரில் வராமல் முடியாது என்றார். அவருக்கும் வருத்தம்தான்.

மற்றவர்களுக்கெல்லாம் அட்டை புதுப்பித்து, ஆளுக்கொரு புத்தகம் பதிந்தார். மாவுக்காரம்மாள் அலமாரி முன்னால் நின்று பார்த்துவிட்டு, “குண்டா கீறதா ஒண்ணு குடும்மா. கேக்க நெறைய நாளு வரும்” என்றாள்.

அடுத்த மாதம் நூலகர் என்னைப் பார்த்ததும் சொன்னார்: “இப்போதைக்குச் சாயங்கால நேரத்தை நிறுத்தலம்மா. அடுத்த வருஷமும் கணக்கு கேப்பாங்க, ஞாபகம் வச்சுக்குங்க.” இப்போதெல்லாம் நான் கவரோடு போகிறேன். முறை வைத்து ஒவ்வொருத்தி அட்டையாக நீட்டுகிறேன்.

தையல்காரப் பெண்ணுக்கு இன்னும் ஒரு ஞாயிறு வாய்க்கவில்லை. அந்தக் குண்டுப் புத்தகத்தை அவள்தான் வேலை விட்டு வந்து, மாவு வீட்டுப் படியில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறாள். கம்ப்யூட்டரில் எழுத்தே தெரியாதவள் நடப்பு வாசகி. வாசிக்கிறவள் கணக்கில் இல்லை. அதைச் சொன்னால், “இருந்துட்டுப் போவுது, அடுத்த பக்கத்தைத் திருப்பு” என்கிறாள் மாவுக்காரம்மாள்.

ஒரு வருஷம் என்று எழுதியிருக்கிறேன். அது நாம் புத்தகம் எடுத்த நாளிலிருந்து எண்ணுகிற வருஷமா, ஆபீஸ் கணக்கு வருஷமா என்று எனக்குத் தெரியவில்லை. நேரில்தான் வர வேண்டும் என்பது எங்கள் கிளைக்கு மட்டுமா, எல்லா இடத்திலுமா என்பதும் தெரியாது. நூலக வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பாக இருந்தால் திருத்திக் கொடுங்கள்.