கேப்டன் அக்காவின் கையுறை

வலது கையுறையின் உட்புறம் ஈரமாக இருந்தது. வியர்வை என்றே முதலில் எண்ணினேன். விரல்களை நுழைத்த பிறகுதான் அது இரத்தம் என்று தெரிந்தது. ஆண்டுகள் பல கடந்தும், பெண்கள் ஆடும் கிரிக்கெட்டைத் தொலைக்காட்சியில் காணும்போது பந்து எழும்பினால் என் கை தானாகத் தாடையைப் பொத்திக்கொள்கிறது. ஆடுகின்ற பெண்களுக்குத் தலைக்கவசம் இருக்கிறது. அடையாற்று வீட்டில் சோபாவில் அமர்ந்திருக்கும் எனக்குத்தான் இல்லை.

அந்நாளில் எங்கள் பெண்கள் அணிக்கு மட்டைகள் இரண்டு. கால்காப்புகளும் கையுறைகளும் இரண்டிரண்டு ஜோடி. ஆட்டமிழந்து வருபவர் எல்லைக்கோட்டருகே அவிழ்த்துத் தர, அடுத்தவர் அணிந்து செல்வது வழக்கம். ஆண்களின் அளவுக்குச் செய்தவை ஆதலால் கால்காப்புகள் எனக்குத் தொடைவரை வந்தன. அணித்தலைவியை நாங்கள் கேப்டன் அக்கா என்போம்; என்னைவிடச் சற்றே மூத்தவர். நந்தனத்தில் நாங்கள் ஆடும் மைதானத்தை அவர்தான் நடையாய் நடந்து கேட்டுப் பெற்றிருந்தார். யாருக்கேனும் அடிபட்டு ஆட்டம் நின்றால் பெண்களுக்கு இனி மைதானம் கிடையாது என்பது மைதானத்துச் செயலாளர் விதித்த நிபந்தனை. அன்று அடிபட்டது அக்காவுக்கே. எதிரணிப் பெண் வீசிய பந்து குத்தி எழுந்து அவர் வாயில் பட்டது.

அவர் கையுறையோடே வாயைப் பொத்தியபடி தாமே நடந்து வெளியே வந்தார். செயலாளர் நாற்காலியைவிட்டு எழுந்தார். அடுத்து இறங்க வேண்டியவள் நான். கால்காப்பின் வாரை மாட்ட என் விரல்கள் இணங்கவில்லை. அக்கா மண்டியிட்டு, ஒரு கையால் துண்டை வாயில் அழுத்தியபடி, மறுகையால் மாட்டிவிட்டார். வேலிக்கு வெளியே நின்ற இளைஞர்கள் எங்களை வீட்டுக்குப் போய்ச் சமைக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பல்லு ஒண்ணு அங்கயே கீது. பாத்தா எடுத்துக்கினு வா," என்றார் அக்கா. "மெதுவா வந்தா போதும். ஒடனே திரும்பி வந்தே, அப்புறம் கீது ஒனக்கு."

ஓடிவிடலாம் என்றே தோன்றியது. ஆனால் அந்தக் கால்காப்புகளோடு நடப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆடுகளத்தில் கிடந்த பல்லை எடுத்தேன். என் பாவாடையில் பை இல்லை, கையுறைக்குள் போட்டுக்கொண்டேன். மட்டையைப் பற்றியபோது அது உள்ளங்கையில் குத்தியது.

அக்காவுக்குப் பந்து வீசிய அதே பெண் ஓடி வந்து பாதியில் நின்றாள். மறுபடியும் ஓடி வந்தாள், மறுபடியும் நின்றாள். பிறகு என்னருகே வந்தாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். உதடுகள் வெளுத்திருந்தன.

"என்னால முடியல. நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்கோயேன். நான் ஸ்டம்பப் பாத்துப் போட்டுர்றேன்," என்றாள் மெல்ல.

சரி என்று தலையசைக்கவே விரும்பினேன். அதற்குள் செயலாளர் எல்லைக்கோட்டைத் தாண்டி எங்களை நோக்கி வருவதைக் கண்டேன்.

"இப்ப போடலன்னா நம்ம ரெண்டு பேருக்குமே இனிமே கிரவுண்டு கிடையாது. போடு," என்றேன். என் குரல் எனக்கே வேறு எவரோ பேசியதுபோல் கேட்டது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். இம்முறை நிற்கவில்லை. பந்து வந்தது, மட்டையில் எங்கோ பட்டு, என் காலடியிலேயே விழுந்தது. செயலாளர் சற்று நேரம் பார்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். பந்தைக் குனிந்து எடுத்த அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஓவரில் இன்னும் பந்துகள் மீதமிருந்தன.