ஆடியில் வந்த விசா

எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். மெட்ராஸில் ஒரு ஏஜென்சி நடத்திய இன்டர்வியூவில் நான் பாஸாக, வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரி எனக்கு விசா அனுப்பியது. அந்த ஆஸ்பத்திரி கூப்பிட்டால்தான் விசா. அது கைவிட்டால் விசாவும் போச்சு. நானே படித்து, நானே சம்பாதித்த காகிதம் அது. வந்து சேர்ந்ததுதான் ஆடி பிறந்த வாரம்.

அம்மா அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டாள். எத்தனாம் தேதிக்குள் போய் இறங்க வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. ஆடி முடிய ஆறு நாள் இருக்கும்போதே அந்தக் கெடு முடிகிறது. தேதியைக் காட்டி வாய் வலிக்கச் சொன்னேன்.

"ஆடியில பொண்ணு கடல் தாண்டறதா? ஆவணி பொறக்கட்டும்மா," என்றார் அப்பா.

"அவ்ளோ தூரத்துலருந்து தேடிகினு வந்து கூப்டறவன், ஒரு வாரம் பொறுக்க மாட்டானா?" என்றார் மாமா. அவருக்கு ஆற்காட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது.

ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டு அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஆடி முதல் வெள்ளியன்றே வீட்டுத் தறியில் புடவைக்குப் புதுப் பாவு ஏற்றினார். ஆவணியில் கல்யாணங்கள் வரிசையாக வரும், கடைக்காரர்கள் புடவைக்கு அவசரப்படுத்துவார்கள். அதற்கு மட்டும் ஆடி குறுக்கே வரவில்லை. தறிச் சத்தம் மாதம் முழுக்க என் காதில் இடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, மாமா என்னை மெட்ராஸுக்கு அழைத்துப் போனார். ஏஜென்சி கிளார்க் மஞ்சள் படிந்த மூலையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார்.

"எக்ஸ்பயர் ஆயிடுச்சும்மா. உங்க எடத்துக்கு வேற நர்ஸ் போய் டூட்டியில சேர்ந்தாச்சு. இத்தினி நாள் என்ன பண்ணினு இருந்தீங்க?"

ஆரணி வந்து சேரும்வரை மாமா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அப்பா தறியில் இருந்தார். விஷயத்தைக் கேட்டவர், "உனுக்குக் குடுத்து வெக்கலம்மா," என்றார்.

அதுவரை அடக்கியது எல்லாம் வெடித்தது. "ஆடியில நீ நெய்ஞ்ச பொடவைய ஆவணியில யாராச்சும் வேணான்னாங்களாப்பா?"

அப்பா தறியை நிறுத்தவில்லை. நான் உள்ளே போய், இனித் தேவைப்படாது என்று மடித்து வைத்திருந்த கிளினிக் யூனிபார்மை எடுத்து ஊறவைத்தேன். மறுநாள் காலை டூட்டி.